பிளே ஸ்டோர் ஓபன் ஆகலையா? ரீசெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பனிக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பகுதிக்கு திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான். பிளே ஸ்டோரைத் திறந்தா 'செக் யுவர் கனெக்ஷன்'னு வருது, ஆப் இறங்க மாட்டேங்குது, என்ன பண்றது? நீலகிரியில இருந்தும் கொடைக்கானல் பக்கத்துல இருந்தும் வந்த கடிதங்கள்ல சிலதை எடுத்து இந்தத் தடவை முழுப் பகுதியையும் இதுக்கே ஒதுக்கிட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அந்த மெசேஜ்ல கனெக்ஷன்னு போட்டிருக்கிறதால கோளாறு நெட்லதான்னு முடிவு பண்ணிடாதீங்க, போன்ல தேதி தப்பா இருந்தாலும் அதே வரிதான் வரும், வைஃபைல ஏதாவது தடுத்து வச்சிருந்தாலும் அதேதான், ஸ்டோர் நடத்துறவங்க பக்கமே கோளாறுன்னாலும் அதேதான். எது காரணம்னு பிரிச்சுப் பார்க்காம போனை ரீசெட் போட்டு பிள்ளைங்க போட்டோ எல்லாம் போயிடுச்சுன்னு எழுதுறவங்க கடிதத்தைப் படிக்கும்போது மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

அண்ணா, மரம் விழுந்து எங்க ஊர்ல ரெண்டு நாள் கரண்ட் இல்ல, போன் சுத்தமா ஆஃப் ஆயிடுச்சு. கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டு ஆன் பண்ணினா கால் பேச முடியுது, எஸ்எம்எஸ் வருது, ஆனா பிளே ஸ்டோர் திறக்கல, குரோம்ல எதைத் தட்டினாலும் சிவப்பா ஏதோ எச்சரிக்கை வருது. நெட் பேக் இருக்கு. போன் போயிடுச்சா?
– ஒரு வாசகி, எமரால்டு

போன் போகலைங்க, பயப்படாதீங்க. இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே போன்ல தேதியும் வருஷமும் என்ன காட்டுதுன்னு ஒரு தடவை பாருங்க. வெறும் மணியை மட்டும் பார்த்தா பத்தாது, வருஷம் வரைக்கும் பாருங்க.

பேட்டரி அடியோட காலியானா சில போன்கள்ல, அதுவும் கொஞ்சம் பழைய போன்னா, உள்ள ஓடிக்கிட்டு இருக்கிற கடிகாரமும் சேர்ந்து நின்னுடும். திரும்ப ஆன் ஆகும்போது 1970 ஜனவரி 1ன்னு காட்டும், இல்லைன்னா அந்த போனோட சாஃப்ட்வேர் தயாரான காலத்துத் தேதி ஒண்ணைக் காட்டும். 1970 எங்கிருந்து வந்துச்சுன்னா, ஆண்ட்ராய்டு மாதிரியான சிஸ்டம் எல்லாம் நேரத்தை அந்த நாள்ல இருந்து விநாடி விநாடியா எண்ணிக்கிட்டுதான் வருது, அந்த எண்ணிக்கை அழிஞ்சு பூஜ்யத்துக்குப் போனா அந்தத் தேதியிலதான் போய் நிக்கும்.

சரி, தேதி தப்பானா ஸ்டோர் ஏன் திறக்கக்கூடாது? போன் ஸ்டோரோட சர்வர்கிட்ட பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ நிஜமாவே கூகுள்தானான்னு ஒரு சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். அதுல இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும், பஸ் பாஸ்ல போட்டிருக்கிற மாதிரி. கூகுள் தன் சர்வர்களுக்குப் போடுற சர்டிபிகேட் ஏறக்குறைய மூணு மாசத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுசு மாத்திடுவாங்க. அதனால உங்க போன் கடிகாரம் வருஷக்கணக்குல இல்ல, சில மாசம் பின்னாடி இருந்தாலே போதும், இந்த சர்டிபிகேட் செல்லுபடியாகிற காலமே இன்னும் வரலையே, இது போலி ஆச்சேன்னு போன் சந்தேகப்பட்டு பேச்சையே நிறுத்திடும். டவர் நல்லா இருக்கும், பேக் இருக்கும், ஆனா போனே வேண்டாம்னு சொல்லிடும். இதைக் கோளாறுன்னு நினைக்காதீங்க, நம்ம பணத்தையும் பாஸ்வேர்டையும் யாரும் நடுவுல புகுந்து எடுத்துடக் கூடாதுன்னு வச்சிருக்கிற காவல் இது. கால் பேச முடியுது எஸ்எம்எஸ் வருதுன்னா அதுக்கு இந்த சர்டிபிகேட் சோதனை எல்லாம் கிடையாது, அவ்வளவுதான். குரோம்ல சிவப்பா வர்றதை நிதானமா வாசிச்சுப் பாருங்க, 'யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்'னு அங்கேயே எழுதியிருக்கும், வாட்ஸ்அப்பும் போன் தேதி தப்புன்னு நேராவே சொல்லிடும்.

சரி பண்றது சுலபம். செட்டிங்ஸ்ல சிஸ்டம் உள்ள டேட் அண்ட் டைம் இருக்கும் (சாம்சங் போன்னா ஜெனரல் மேனேஜ்மென்ட் உள்ள, ஷாவ்மி ரெட்மின்னா அடிஷனல் செட்டிங்ஸ் உள்ள), அதுல ஆட்டோமேட்டிக்னு இருக்கிறதை ஆன் பண்ணுங்க, டவர்ல இருந்தோ நெட்ல இருந்தோ நேரத்தை போன் தானா வாங்கிக்கும். எல்லா டவரும் நேரத்தை ஒழுங்கா அனுப்புறது இல்ல, அதனால ஆன் பண்ணியும் மாறலைன்னா ஆஃப் பண்ணிட்டு கையாலயே வருஷம், மாசம், தேதி, மணி எல்லாம் வச்சிடுங்க, டைம் ஸோன் இந்தியா, அதாவது ஜிஎம்டி பிளஸ் 5:30ன்னு இருக்கான்னும் பாருங்க, அப்புறம் போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நெட் கிடைச்சதும் மறக்காம ஆட்டோமேட்டிக்கை திரும்ப ஆன்ல போட்டுடுங்க.

நம்ம ஊருக்குன்னு இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. டிசம்பர் ஜனவரியில எமரால்டு, அவலாஞ்சி, ஊட்டி பக்கம் உறைபனி விழுற ராத்திரிகள்ல லித்தியம் பேட்டரி உள்ளுக்குள்ள மந்தமாயிடும், சார்ஜ் 20 சதவீதம்னு காட்டிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு ஆஃப் ஆகும். ஐபோனை 0 டிகிரியில இருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துலதான் பயன்படுத்தணும்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லுது, நம்ம ஊர்ல விடியக்காலையில அந்த 0 சாதாரணம். அதனால ராத்திரி போனை ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க, குளிர்ல ஜில்லுனு கிடந்த போனை எடுத்ததும் சார்ஜ்ல போடாதீங்க, கொஞ்ச நேரம் வீட்டுச் சூட்டுக்கு வரட்டும், அதுக்காக அடுப்புப் பக்கத்துலயோ ஹீட்டர் முன்னாடியோ வச்சுடாதீங்க.

கரண்டே போகாத வீட்டுலயும் தேதி மாறியிருந்தா பிள்ளைங்களைக் கேளுங்க. சில கேம்ல லைஃப் தீர்ந்துட்டா தேதியை நாளைக்குன்னு மாத்தி வச்சு திரும்ப விளையாடுற பழக்கம் இருக்கு, விளையாடிட்டு பழையபடி மாத்த மறந்துடுவாங்க.

சார், பூண்டு விலை பார்க்கலாம்னு உழவன் ஆப் இறக்கப் பார்க்கிறேன், 'பெண்டிங்'னே நிக்குது, சில நேரம் கனெக்ஷன் இல்லைன்னு வருது. டவர் நாலு கோடு முழுசா காட்டுது. மேகமூட்டம் இருக்கிறதாலன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, உண்மையா?
– ஒரு விவசாயி, பூம்பாறை

மேகமூட்டம் மேல பழி போட வேண்டாங்க. நம்ம போனுக்கு வர்ற அலைகள் பெரும்பாலும் 700ல இருந்து 2300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளது, பனியும் மேகமும் அதைப் பெருசா தடுக்காது. தடுக்கிறது மலைதான், நடுவுல ஒரு மேடு வந்துட்டா முடிஞ்சது. ஆனா பலத்த மழை வேற கதை, ஏன்னா மலைக்கிராமத்து டவர் பலதுக்கு கேபிள் போகாது, இன்னொரு மலையில இருக்கிற டவர்ல இருந்து மைக்ரோவேவ் தட்டு வழியாத்தான் நெட் வரும், அது ரொம்ப உயர்ந்த அலைவரிசை, கொட்டுற மழையில அது தளர்ந்துடும். மழையோட கரண்டும் போச்சுன்னா டவர் பேட்டரி தீர்ற வரைக்கும்தான்.

இங்கதான் அந்த நாலு கோடு ஏமாத்துது. கோடு காட்டுறது உங்க போனுக்கும் டவருக்கும் நடுவுல அலை எவ்வளவு பலமா இருக்குங்கிறதை மட்டும்தான். டவருக்குப் பின்னாடி நெட் வருதா, வந்தாலும் எத்தனை பேர் அதைப் பங்கு போட்டுக்கிறாங்கன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது. ஏப்ரல் மே சீசன்ல கொடைக்கானல்ல நாலு கோடும் இருந்துக்கிட்டே ஒரு போட்டோ கூட போகாம சுத்துறதை எல்லாரும் பார்த்திருக்கோம், 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் சனி ஞாயிறு கூட்டம் கூட்டம்தான், அத்தனை பேரும் அதே டவர்லதான் இருப்பாங்க. உங்களுக்கு விடியக்காலை நாலு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிற பழக்கம் இருந்தா அந்த நேரத்துல இறக்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஆனா 'பெண்டிங்'னு நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு டவரை விட்டுட்டு போனுக்குள்ளதான் தேடணும். பிளே ஸ்டோர்ல மேல வலது பக்கம் இருக்கிற உங்க வட்டப் படத்தைத் தட்டி 'மேனேஜ் ஆப்ஸ்' உள்ள போங்க, ஏற்கெனவே இருக்கிற ஆப் எல்லாம் அப்டேட் ஆகணும்னு வரிசையில நின்னுக்கிட்டு இருக்கும், உங்க உழவன் அதுக்கெல்லாம் பின்னாடி நிக்குது, மத்ததை கேன்சல் பண்ணிட்டு இதை முதல்ல விடுங்க. அப்புறம் அதே படத்தைத் தட்டி செட்டிங்ஸ், நெட்வொர்க் பிரிஃபரன்ஸ் போனா 'ஆப் டவுன்லோட் பிரிஃபரன்ஸ்'னு இருக்கும், அங்க வைஃபை மட்டும்னு இருந்தா வைஃபையே இல்லாத வீட்டுல அந்த ஆப் ஆயுசுக்கும் இறங்காது, எந்த நெட்வொர்க்னாலும் சரிங்கிறதுக்கு மாத்துங்க. போன் செட்டிங்ஸ்ல டேட்டா சேவர் ஆன்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க.

அன்னிக்கு டேட்டா தீர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். தினம் ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி பேக் போடுறவங்களுக்கு அது தீர்ந்ததும் நெட் அடியோட நிக்காது, பல பேக்ல விநாடிக்கு 64 கிலோபிட்னு இறங்கிடும், அதாவது 8 கிலோபைட். வாட்ஸ்அப் மெசேஜ் போகும், அதனால நெட் இருக்குன்னு நம்ம நினைச்சுக்குவோம், ஆனா 30 எம்பி ஆப் ஒண்ணு அந்த வேகத்துல இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஸ்டோர் பொறுமை இழந்து கனெக்ஷன் இல்லைன்னு சொல்லிடும். பையன் மதியமே வீடியோ பார்த்து தீர்த்துட்டானான்னு பாருங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல புது நாள் டேட்டா வந்துடும்.

இவ்வளவும் பார்த்தாச்சு, இன்னும் வரலைன்னா ஃப்ளைட் மோடை ஆன் பண்ணி அரை நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணுங்க, போன் டவரை புதுசா தேடிப் பிடிக்கும். அப்புறம் பிஎஸ்என்எல் 4ஜி சிம் வாங்குற யோசனை இருக்கிறவங்களுக்கும் இங்கேயே சொல்லிடறேன், அது வர்ற அலைவரிசைகள்ல 700 மெகாஹெர்ட்ஸ் ஒண்ணு, பேண்ட் 28ன்னு பேரு, மலைக்கு நல்ல அலைவரிசை, தூரம் போகும், ஆனா பழைய போன்கள் பலதுல அந்த பேண்ட் கிடையாது, சிம் வாங்குறதுக்கு முன்னாடி உங்க போன் மாடலுக்கு அது இருக்கான்னு விசாரிச்சுடுங்க.

அண்ணா, நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன். ஹாஸ்டல் வைஃபைல யூடியூப், இன்ஸ்டா எல்லாம் சூப்பரா ஓடுது, பிளே ஸ்டோர் மட்டும் எர்ரர். வீட்டுக்குப் போனா வீட்டு வைஃபைல இதுக்கு நேர்மாறு, எதுவுமே ஓப்பன் ஆகாது, மொபைல் டேட்டால மட்டும் ஓகே. எனக்கு ஒண்ணும் புரியல.
– ஒரு மாணவர், குன்னூர்

தம்பி, இது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை, ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஹாஸ்டல்ல முதல்ல ஒரு சோதனை. நண்பன் போன்ல ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி உங்க போனை அதுல சேர்த்து ஸ்டோரைத் திறங்க. திறந்துடுச்சுன்னா உங்க போன் மேல தப்பே இல்ல, வைஃபை பக்கம்தான். காலேஜ், ஆபீஸ் மாதிரி இடத்துல ஃபயர்வால் போட்டு சில வழிகளை மட்டும் திறந்து வச்சிருப்பாங்க, அந்த வழிகளுக்குப் பேரு போர்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. கூகுள் சர்வீஸ் தன் வேலைக்கு 5228ல இருந்து 5230 வரைக்கும் உள்ள போர்ட்டுகளையும் பயன்படுத்தும், சாதாரண வெப்சைட் போற 443 மாதிரி சிலது மட்டும் திறந்திருந்தா வீடியோ ஓடும், இது திணறும். வேணும்னே ஆப் இறக்க விடாம தடுத்து வச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. வார்டன்கிட்டயோ நெட்வொர்க் பார்க்கிறவர்கிட்டயோ அந்த போர்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. விபிஎன் (நம்ம நெட்டை இன்னொருத்தர் சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) போட்டுத் தாண்டிடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, இலவச விபிஎன் ஆப்புகள்ல உங்க டேட்டாவை யார் பார்க்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

வீட்டுல நடக்கிறதுக்கு எனக்குத் தோணுறது பிரைவேட் டிஎன்எஸ். விளம்பரம் வராம இருக்க யூடியூப்ல பார்த்து ஏதாவது ஒரு பேரை அங்க டைப் பண்ணி வச்சீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. ஆண்ட்ராய்டு 9ல இருந்து, அதாவது 2018ல இருந்து இந்த வசதி இருக்கு. ஒரு வெப்சைட்டோட பேரைக் கொடுத்து அதோட நம்பரை வாங்குறதுதான் டிஎன்எஸ் வேலை, பிரைவேட்னு போட்டு ஒரு பேரைக் குறிப்பிட்டுட்டா போன் அந்த ஒருத்தர்கிட்ட மட்டும்தான் கேட்கும், அதுவும் 853ங்கிற போர்ட் வழியா. உங்க வீட்டு மோடத்துல அந்த வழி அடைபட்டிருந்தா வேற யார்கிட்டயும் போய்க் கேட்காது, எதுவுமே திறக்காது. மொபைல் டேட்டால அந்த வழி திறந்திருக்கிறதால அங்க ஓடுது. செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு தேடி ஆட்டோமேட்டிக்னு மாத்திட்டு பாருங்க. விளம்பரத்தைத் தடுக்கிற டிஎன்எஸ் சிலது ஸ்டோருக்கு வேண்டியதையும் சேர்த்துத் தடுத்துடும், அதனால நண்பன் ஹாட்ஸ்பாட்லயும் ஸ்டோர் திறக்கலைன்னா ஹாஸ்டல் பிரச்சினையும் இதோட போனாலும் போகும்.

ஐபோன்ல 'கேனாட் கனெக்ட் டு ஆப் ஸ்டோர்'னு வருது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் எழுதுவீங்களா?
– ஒரு ஆசிரியை, வெலிங்டன்

உங்களுக்கும்தாங்க. மேல எமரால்டு வாசகிக்கு எழுதின தேதி விஷயம் ஐபோனுக்கும் அப்படியே பொருந்தும், செட்டிங்ஸ், ஜெனரல், டேட் அண்ட் டைம்ல 'செட் ஆட்டோமேட்டிக்கலி' ஆன் பண்ணுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல மொபைல் டேட்டா உள்ள ஆப் ஸ்டோருக்கு டேட்டா ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. பெரிய ஆப் மட்டும் நிக்குதுன்னா ஆப் ஸ்டோர் செட்டிங்ஸ்ல 200 எம்பிக்கு மேல போனா கேட்கணும்னு ஒரு இடம் இருக்கு, அதை எப்பவும் அனுமதின்னு மாத்தலாம், பேக்ல டேட்டா இருந்தா மட்டும்.

எனக்கு பிளே ஸ்டோர்ல 'டிஎஃப்-டிஎஃப்இஆர்எச்-01'னு ஒரு எர்ரர் கோடு வருது. கடையில காட்டினேன், சாஃப்ட்வேர் போடணும், எல்லாம் அழிஞ்சிடும் பரவால்லையான்னு கேட்டாங்க. எங்க மாமியாரோட கடைசிப் போட்டோ எல்லாம் இந்த போன்லதான் இருக்கு, வேற காப்பி இல்ல. ஜிமெயில் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது, போன் வாங்குனப்போ கடைக்காரரே போட்டுக் கொடுத்தாரு.
– ஒரு வாசகி, கோத்தகிரி

தயவுசெஞ்சு ரீசெட்டுக்கு ஒத்துக்காதீங்க. அந்தக் கோடுக்கு அர்த்தம் சர்வர்ல இருந்து விவரம் வாங்க முடியலைங்கிறது மட்டும்தான், பெரும்பாலும் ஸ்டோர் ஆப் தனக்குள்ள சேர்த்து வச்சிருக்கிற பழைய தற்காலிக ஃபைல் கெட்டுப் போயிருக்கும், அதுக்காக வீட்டையே காலி பண்ண வேண்டியதில்ல.

முதல்ல போட்டோவைக் காப்பாத்துங்க. பிளே ஸ்டோர் கெட்டாலும் போட்டோ எடுக்கிறதுக்கு அது தேவையே இல்ல, சார்ஜர் ஒயரை லேப்டாப்ல சொருகினா போன்ல ஒரு அறிவிப்பு வரும், அதுல 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்'னு தேர்ந்தெடுத்து டிசிஐஎம்ங்கிற ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணுங்க, வாட்ஸ்அப்ல வந்த படங்கள் தனி ஃபோல்டர்ல இருக்கும், அதையும் எடுங்க. லேப்டாப் இல்லைன்னா மெமரி கார்டு போடலாம், அதுவும் இல்லைன்னா முக்கியமானதை மட்டுமாவது வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பி வைங்க. இது முடியுற வரைக்கும் வேற எதையும் தொட வேண்டாம்.

அடுத்து செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர், ஸ்டோரேஜ்னு போய் 'கிளியர் கேஷ்' தட்டுங்க, கேஷ்னா அந்தத் தற்காலிக ஃபைல்தான். ஸ்டோரைத் திறந்து பாருங்க. வரலைன்னா அதே இடத்துல 'கிளியர் டேட்டா'. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க, பிளே ஸ்டோருக்குள்ள கிளியர் டேட்டா பண்ணினா ஸ்டோர் ஆப்போட விவரம் மட்டும்தான் போகும், உங்க போட்டோவோ இறக்கி வச்ச ஆப்போ எதுவும் போகாது. அதுக்கப்புறம் 'கூகுள் பிளே சர்வீசஸ்'னு இன்னொரு பேர் இருக்கும், அதுலயும் கேஷை மட்டும் கிளியர் பண்ணுங்க, அதுல டேட்டாவைத் தொடாதீங்க, பேமென்ட் மாதிரி சில விஷயங்களைத் திரும்ப முதல்ல இருந்து போட வேண்டி வரும். இன்னும் வரலைன்னா பிளே ஸ்டோர் பக்கத்துல மேல மூணு புள்ளி இருக்கும், அதுல 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', ஸ்டோர் பழைய பதிப்புக்குப் போய் தானா திரும்ப அப்டேட் ஆகும், அதுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்க. ஸ்டோரேஜ்ல ஒரு ஜிபியாவது காலியா இருக்கட்டும், குட் மார்னிங் வீடியோ எல்லாம் அழிச்சாலே கிடைச்சிடும்.

கூகுள் அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணி திரும்பச் சேர்க்கச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, அதுவும் நல்ல வழிதான், ஆனா உங்களுக்கு வேண்டாம், பாஸ்வேர்ட் தெரியாம ரிமூவ் பண்ணிட்டா உள்ள போக முடியாது. ரீசெட்லயும் இதே ஆபத்துதான், ஆண்ட்ராய்டு 5.1ல இருந்து ஒரு பாதுகாப்பு இருக்கு, திருட்டு போனை அழிச்சு விக்கக் கூடாதுன்னு வச்சது, ரெக்கவரில (போன் ஆன் ஆகும்போது பட்டனை அழுத்திப் பிடிச்சா வர்ற பக்கம்) போய் ரீசெட் போட்டதும் பழைய கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்டையோ பழைய ஸ்கிரீன் லாக்கையோ கேட்கும், தெரியலைன்னா உங்க சொந்த போனே உங்களை உள்ள விடாது. நம்ம மலையில எத்தனையோ வீட்டுல, அம்மாங்க, பாட்டிங்க, எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கிறவங்க போன்ல எல்லாம் கடைக்காரர் போட்ட ஜிமெயில்தான் ஓடிக்கிட்டு இருக்கு, பாஸ்வேர்ட் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்திருப்பாங்க, அது எங்கேயோ போயிருக்கும். இன்னிக்கே செட்டிங்ஸ்ல கூகுள்னு இருக்கிற இடத்துக்குப் போய் உங்க அக்கவுண்ட் உள்ள செக்யூரிட்டி பக்கத்துல உங்க சொந்த நம்பரை ரெகவரி நம்பரா சேர்த்துடுங்க, கடைக்காரர் நம்பர் அங்க இருந்தா எடுத்துடுங்க. பாஸ்வேர்டை மாத்த பழையதைக் கேட்டா 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' போங்க, அக்கவுண்ட் ஏற்கெனவே அந்த போன்ல இருக்கிறதால போன் லாக்கை வச்சே மாத்த விடுறதும் உண்டு. புதுசை வீட்டு நோட்டுல எழுதி பத்திரமா வைங்க.

ஐயா, நான் கார்டைட் ஃபேக்டரி பென்ஷன்தாரர். உயிர்வாழ் சான்று போன்லயே கொடுக்கலாம்னு சொன்னாங்க. ஆப் தேடினா என் போனுக்குப் பொருந்தாதுன்னு வருது. நெட் மாத்தினாலும் அதே.
– ஒரு வாசகர், அருவங்காடு

ஐயா, இது நெட் பிரச்சினையே இல்ல, எந்த நெட்ல போட்டாலும் அதேதான் வரும். பெரும்பாலும் அந்த ஆப்புக்குத் தேவையான ஆண்ட்ராய்டு பதிப்பு உங்க போன்ல இல்லைன்னு அர்த்தம். பழைய பதிப்புகளை கூகுளும் ஒண்ணொண்ணா கைவிட்டுக்கிட்டே வருது, 2.3.7ம் அதுக்குக் கீழயும் உள்ளதுல 2021 செப்டம்பர் 27ல இருந்து லாகின் பண்ணவே முடியாது, 4.4க்கு பிளே சர்வீசஸ் அப்டேட் 2023ல நின்னுடுச்சு. பதிப்பு எதுன்னு செட்டிங்ஸ்ல 'அபவுட் போன்'ல இருக்கும்.

நீங்க இதுக்காக புது போன் வாங்க வேண்டாம். முகத்தைக் காட்டி சான்று கொடுக்கிற முறை 2021 நவம்பர்லதான் வந்துச்சு, அதுக்கு ஜீவன் பிரமாண் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் வேணும், ஆனா அது உங்க போன்லயே இருக்கணும்னு கட்டாயம் இல்ல, மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன், நம்பிக்கையான யார் போன்லயும் செய்யலாம், ஒரே போன்ல பல பேருக்கும் போடலாம். அதுவும் வேண்டாம்னா போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போற சேவை இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க்ல இருக்கு, 70 ரூபாய் கட்டணம், குளிர்ல வரிசையில நிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். மத்திய அரசு பென்ஷனுக்கு நவம்பர் மாசம், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1ல இருந்தே கொடுக்கலாம்.

எங்க ஹோம்ஸ்டேல ஒரு நாள் எல்லார் போன்லயும் ஒரே நேரத்துல ஸ்டோர், ஜிமெயில் எல்லாம் நின்னுடுச்சு, கெஸ்ட் எல்லாம் வைஃபையைத் திட்டினாங்க. அப்புறம் தானா சரியாயிடுச்சு. இப்படியும் நடக்குமா?
– ஒரு வாசகர், வட்டக்கானல்

நடக்கும். 2020 டிசம்பர் 14 சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல முக்கால் மணி நேரம் போல உலகம் முழுக்கவே கூகுள்ல லாகின் வேலை செய்யல, யார் உள்ள வர்றாங்கன்னு சரிபார்க்கிற அவங்க சிஸ்டத்துல இடம் ஒதுக்குறதுல வந்த கோளாறு அது. 2021 மார்ச்லயும் ஆண்ட்ராய்டு வெப்வியூங்கிற ஒரு உள் ஆப்போட அப்டேட் கெட்டுப் போய் ஜிமெயில் மாதிரி ஆப்புகள் எல்லாம் திறந்ததும் மூடிக்கிச்சு. அடையாளம் என்னன்னா வேற வேற கம்பெனி சிம் வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரே நேரத்துல வரும். கீழ வத்தலகுண்டுல, மதுரையில இருக்கிற யாருக்காவது போன் பண்ணிக் கேளுங்க, அங்கயும் இல்லைன்னா காத்திருக்கிறதைத் தவிர செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்த நேரத்துல போன்ல எதையும் அழிக்காதீங்க.

எங்க அப்பா பிளே ஸ்டோர் ஓபன் ஆகலைன்னு நெட்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி கூப்பிட்டிருக்காரு. எதிர்ல பேசினவன் தமிழ்ல ரொம்ப மரியாதையா பேசி, ஸ்டோர் இல்லாமலே ஆப் போடலாம்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் பண்ண வச்சுட்டான். அப்புறம் பேங்க் ஆப்பைத் திறங்கன்னு சொன்னப்போதான் அம்மா போனைப் பிடுங்கி ஆஃப் பண்ணினாங்க. இப்போ என்ன செய்யணும்?
– ஒரு வாசகி, மஞ்சூர்

உங்க அம்மா செஞ்சது ரொம்பச் சரி. இவங்களுக்கு அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன், மத்தவங்களுக்காகத்தான் இங்க எழுதுறேன்.

ஏபிகே ஃபைல்னு சொல்றது ஸ்டோர் சோதனை எதுவும் இல்லாம நேரா போனுக்குள்ள இறங்குற ஆப். கல்யாணப் பத்திரிகைன்னும், வண்டிக்கு அபராதம்னும், பிஎம் கிசான் பணம்னும் பேர் போட்டு இதைத்தான் அனுப்புறாங்க, உள்ள போனதும் எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி கேட்கும், கொடுத்துட்டா ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். ஸ்டோர் திறக்காத நேரத்துல நம்ம அவசரத்துல இருப்போம், அந்த அவசரத்தைத்தான் அவன் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கான். தேடினதும் முதல்ல வர்ற கஸ்டமர் கேர் நம்பர் போலியா இருக்கலாம், யாரு வேணும்னாலும் அப்படி ஒரு நம்பரை நெட்ல போட்டு வைக்கலாம்.

சிம்மைக் கழட்டிட்டு, வைஃபையையும் ஆஃப் பண்ணிட்டுதான் இனி அந்த போனை ஆன் பண்ணணும். வேற போன்ல இருந்து பேங்குக்கு, பாஸ்புக்லயோ ஏடிஎம் கார்டு பின்னாடியோ இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்க. பணம் போயிருந்தா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம 1930க்கு அடிங்க, சைபர் கிரைம் உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்த அளவுக்கு அந்தப் பணத்தை நடுவுல நிறுத்த வாய்ப்பு அதிகம். போன்ல அந்த ஆப்பை ஆப்ஸ் பட்டியல்ல தேடி அன்இன்ஸ்டால் பண்ணுங்க, முடியலைன்னா ஆக்சஸிபிலிட்டியிலயும் டிவைஸ் அட்மின்லயும் அதுக்கு கொடுத்த அனுமதியை எடுத்துட்டு பண்ணுங்க, அப்புறம் வாட்ஸ்அப்புக்கு 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' அனுமதி ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. சில ஆப் பட்டியல்லயே தெரியாம ஒளிஞ்சுக்கும், அப்படி இருந்தா போட்டோவை மட்டும் காப்பி எடுத்துட்டு ரீசெட் போட்டுடுங்க, ரீசெட் நியாயமா தேவைப்படுற இடம் இதுதான். பாஸ்வேர்ட் எல்லாம் வேற போன்ல இருந்து மாத்துங்க. அந்த ஆளோட நம்பரை பிளாக் பண்றதுக்கு முன்னாடி சாட்டையும் கால் வந்த நேரத்தையும் இன்னொரு போன்ல போட்டோ எடுத்து வைங்க, புகார் எழுதும்போது கேட்பாங்க.